ரெண்டு குளியல்

தொழிற்சாலையில் என் மனைவிக்குக் காலண்டர் அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் மட்டும் முறைப்பாள். "காலண்டர்னா தினம் கிழிச்சுப் போடுவாங்க. என்னை யாரு கிழிக்கறாங்கன்னு பாக்கறேன்" என்பாள். எனக்கு அந்த ஆசையெல்லாம் கல்யாணமான புதிதிலேயே போய்விட்டது.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். கார் செய்கிற இடம். நீங்களும் நானும் வாங்குகிற கார் என்று நினைத்துவிடாதீர்கள். இதை வாங்குகிறவர் இருக்கையில் ஓடும் தையல் நூலின் நிறம்வரை உட்கார்ந்து யோசித்துச் சொல்வார். ஒரு மகராசன் தன் பூனையின் கண் நிறத்தில் கார் வேண்டும் என்று பூனையின் படத்தை அனுப்பினார். படத்தில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு படம் கேட்டு வாங்குவதற்குள் எங்கள் ஆட்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்படி ஆளுக்கொரு அடம். வந்த அடம், இனிமேல் வரப்போகிற அடம் எல்லாவற்றையும் வாரம் வாரமாகப் பிரித்து, எந்த வாரம் எந்தக் கூடத்தில் எத்தனை கார் நிற்கும், அதற்கு எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு தோல் வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு வருஷம் முன்னாலேயே சொல்வதுதான் இவள் வேலை. அவள் அறைக் கதவில் உற்பத்தித் திட்டம் என்று எழுதியிருக்கும். நாங்கள் பிளான் என்போம். அடுத்த வருஷத்துப் பிளான் முடிந்ததும் அதற்குப் பூட்டுப் போடுவார்கள். பூட்டு என்றால் நிஜப் பூட்டு இல்லை; அதன்பிறகு யாரும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். பூட்டிய மறுநாள்தான் ஆள் எடுப்பது, சாமான் வாங்குவது எல்லாம் தொடங்கும்.

அவளுக்கு ஒரு பழக்கம். எந்த எண்ணையும் காகிதத்தில் வந்தது என்பதற்காக நம்ப மாட்டாள். போன் போட்டோ நேரில் போயோ வாயால் கேட்க வேண்டும். "எழுத்துல எல்லாரும் தைரியமா இருப்பாங்க. வாயால கேட்டா மென்னு முழுங்குவாங்க, அப்ப தெரியும்" என்பாள். என்னிடமும் அப்படித்தான். கடைக்குப் போய் வந்தால் பையைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்த்துத்தான் எதை மறந்தேன் என்று கண்டுபிடிப்பாள்.

நான் பெயிண்ட் ஷாப்பில் டேப் ஒட்டுகிறவன். சிரிக்காதீர்கள். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று கேட்கிற கார்கள் உண்டு. முதலில் முழு வண்டிக்கும் ஒரு நிறம் அடித்து, சூடேற்றி, ஆற வைத்து, பாதியைக் காகிதத்தால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டி, மறுபடியும் பெயிண்ட் அறைக்குள் அனுப்ப வேண்டும். ரெண்டு நிறமும் சேருகிற கோடு மயிரிழை பிசகினாலும் வண்டி திரும்பி வந்துவிடும். அந்தக் கோடு என் கையில் இருக்கிறது. ஒரே நாளில் ரெண்டு தடவை உள்ளே போய்வருவதால் அந்தக் கார்களுக்கு எங்கள் கூடத்தில் 'ரெண்டு குளியல்' என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, மேலே பெரிய ஆபீஸ்வரைக்கும் அந்தப் பெயரே போய்விட்டது. மற்றக் கூடங்களுக்கெல்லாம் காலை ஷிஃப்ட் மட்டும்தான். ரெண்டு குளியல் கார்கள் பெயிண்ட் அறையை இரட்டிப்பாகத் தின்பதால் எங்கள் கூடத்துக்கு மட்டும் சாயங்கால ஷிஃப்டும் உண்டு.

அந்தச் சாயங்கால ஷிஃப்டை நம்பித்தான் எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

காரணம், என் மாமனார். தியேட்டரில் படம் ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் விழவில்லை. அவள் காலையில் வேலைக்குப் போய்விடுவாள். எழுப்புவது, தூக்கி நாற்காலியில் வைப்பது, குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, சாப்பிட வைப்பது எல்லாம் நான். நான் மத்தியானம் கிளம்பினால் அவள் வந்து சேரும்வரை எதிர்வீட்டு டீச்சரம்மா வந்து துணைக்கு உட்காருவார். உட்காரத்தான் முடியும். அந்த அம்மாளுக்கே முட்டி வலி, இவரை எங்கே தூக்குவது? இடையில் ஒரு தடவை ஏஜென்சி மூலம் ஆள் வைத்துப் பார்த்தோம். வந்தவரை மாமா இன்டர்வியூ எடுத்தே ஓட்டிவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க சவரம் பண்றீங்களா, புல்லு வெட்டுறீங்களா?"

"ஆடாம இருங்க மாமா. காது போயிடப்போகுது."

"போகட்டும். உங்க பேச்சைக் கேக்காம நிம்மதியா இருப்பேன்."

எங்கள் காலைப்பொழுது இப்படித்தான் போகும். மாப்பிள்ளை என்ற மரியாதையை ஒரு சொட்டுக் குறைக்காமல் மனுஷனை நாராகக் கிழிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல், ஆனாலும் சொல்கிறேன்: என் சொந்த அப்பாவிடம் நான் இவ்வளவு பேசியதில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அவருக்கு ஒரு மகனும் இருக்கிறார், என் மனைவியின் அண்ணன். ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டினால் வருகிற தூரத்தில் இருக்கிறார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. "அப்பாவை இங்க அனுப்பிடுங்க" என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா போக மாட்டேன் என்றார். "அவன் வீட்டுல எல்லாம் வெள்ளையா இருக்கு. எதைத் தொட்டாலும் துடைக்கறான்" என்று காரணம் சொன்னார். இவளுக்கும் அனுப்ப மனசில்லை. நான் விடுவேனா?

இந்தத் தடவை அடுத்த வருஷத்துப் பிளானில் ரெண்டு குளியல் எக்கச்சக்கமாக வந்திருந்தது. விற்பனைப் பிரிவின் தலைவர் துள்ளிக் குதித்தார். உலகமே ரெண்டு நிறத்துக்கு மாறிவிட்டது, நான் அப்போதே சொன்னேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்தார். பெயிண்ட் ஷாப்பின் சாயங்கால ஷிஃப்டுக்குப் புது ஆட்கள் எடுப்பதாக முடிவானது. செய்தி கசிந்து, பூட்டுக்கு முன்னாலேயே மனுக் கொடுக்க வாசலில் வரிசை நின்றது. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். என் ஷிஃப்ட் அசையாது, மாமா அசைய மாட்டார். எனக்கு வேறென்ன வேண்டும்?

வாரத்தின் கடைசி வேலைநாள். திங்கட்கிழமை பூட்டு. மத்தியானம் கேன்டீனில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் ஷிஃப்ட் முடிகிறது, என்னுடையது தொடங்குகிறது, நடுவில் ஒரு டீ. எங்கள் குடித்தனமே அந்த டீ நேரத்தில்தான் நடக்கும். மாமாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. சிரித்த முகம். அப்போதுதான் பெயிண்ட் ஷாப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

"அக்கா, இன்னிக்குத்தான் நேர்ல பாத்தேன். நிஜமாவே ரெண்டு தடவை குளிக்குது!"

"ஆமாம்மா, பாவம், ஜலதோஷம் பிடிக்காம இருந்தா சரி" என்றாள் இவள்.

"நல்லவேளை, எனக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லிக் குடுத்துட்டாரு. அதான் நீங்க போன்ல 'ரெண்டு குளியல் எத்தனை'ன்னு கேட்டப்ப, காரை ரெண்டால பெருக்கி, குளியல் கணக்காவே சொல்லிட்டேன். எழுதி அனுப்பினதும் அதேதான். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்!"

இவள் கையில் டம்ளர் அப்படியே நின்றது. எனக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பெண் பெருக்கித் தந்ததை, கார் எண்ணிக்கை என்று நினைத்து இவள் இன்னொரு தடவை பெருக்கியிருக்கிறாள். உலகம் ஒன்றும் ரெண்டு நிறத்துக்கு மாறவில்லை. பிளானில் உள்ளதில் பாதிதான் உண்மை, இந்த வருஷத்தைவிடவும் குறைவு. அந்தப் பாதியைக் காலை ஷிஃப்டே மூச்சு வாங்காமல் முடித்துவிடும். சாயங்கால ஷிஃப்டுக்கு வேலையே இல்லை.

"ரொம்ப நல்லதும்மா" என்று இவள் அந்தப் பெண்ணின் கையைத் தட்டிக்கொடுத்தாள். பெண் சந்தோஷமாக எழுந்து போனது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு மணியடித்துவிட்டது, உள்ளே போனேன். அன்றைக்கு நான் ஒட்டிய டேப்பை நானே ரெண்டு தடவை பிய்த்து ஒட்டினேன்.

மறுநாள் விடுமுறை. மாமா உள்ளே டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் போனேன். ஈரத் துணியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

"திங்கட்கிழமை வாயைத் திறக்காதே."

அவள் கொடியில் கிடந்த துணியின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள்.

"யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணுக்கே தெரியாது. அவங்க எண்ணு குடுத்தாங்க, நீ போட்ட. தானா வெளிய வரும்போது வரட்டும்."

"அவ மேல தப்பில்லைங்க. நான் கேட்டதுதான் கோணல். கார் எத்தனைன்னு கேட்டிருக்கணும். நம்ம கூடத்துப் பேச்சு வாயில வந்துடுச்சு. அவளுக்குக் குளியல் எத்தனைன்னு கேட்டிருக்கு."

"யாரு தப்பா இருந்தா என்ன? நம்ம வீடு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிக்காம இருப்பேனா? ராத்திரி முழுக்க அதைத்தானே யோசிச்சேன்." துணியை உதறினாள். தண்ணீர் என் முகத்தில் அடித்தது. "வாசல்ல வரிசையில நின்னாங்களே, பாத்தீங்கல்ல? ஒருத்தரு இருக்கற வேலையை விட்டுட்டு, குடும்பத்தோட வீடு மாத்திக்கிட்டு வர்றேன்னாரு. பாதி வருஷத்துல வண்டி வராது. வெறும் அறையில நிக்கப்போறாங்க. அப்ப அவங்களை யாரு திருப்பி அனுப்பறது? நான்தானே அனுப்பணும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரோ ஒருத்தன். முகம்கூடத் தெரியாது. அவனுக்காக இங்கே ஒரு வீட்டைக் கலைப்பாளாம். அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டேன்.

"அப்ப உங்க அப்பாவை யாரு அனுப்பறது?"

கிளிப்பை எடுத்தாள். பிறகு துணியில் அதைச் செருகினாள்.

"அவரையும் நான்தான் அனுப்பணும்" என்றாள். அழுதாள். அழுதுகொண்டே மிச்சத் துணியையும் காயப் போட்டாள். நான் சமாதானம் செய்யவில்லை. எனக்கும்தான் அழுகை வந்தது, எனக்கு யார் சமாதானம் செய்தார்கள்?

திங்கட்கிழமை நடந்ததை எங்கள் சூப்பர்வைசர் வந்து சொன்னார். பூட்டுப் போடுகிற கூட்டத்தில் எழுந்து நின்றாளாம். எண்ணு தப்பு, கேட்டது நான், தப்பு என்னோடது, விற்பனைப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை என்றாளாம். உலகம் மாறிவிட்டது என்று அளந்தவரின் முகத்தில் ஈ ஆடவில்லையாம். இவ்வளவு வருஷ அனுபவம் இருந்தும் இப்படியா என்று ஒருவர் கேட்டதற்கு, ஆமா, இப்படித்தான் என்றாளாம். கடைசியில் கூட்டத்துக்குத் தலைமை வகித்த பெரியவர், "உங்க வீட்டுக்காரர் எந்த ஷிஃப்ட்?" என்று கேட்டிருக்கிறார்.

"அந்த ஷிஃப்ட்தான் சார்" என்றாளாம்.

புது வருஷத்திலிருந்து சாயங்கால ஷிஃப்ட் கிடையாது, எல்லோரும் காலைக்கு என்று நோட்டீஸ் வந்தது. புது ஆட்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கூடத்தில் ஒருவன் என் காதுபட, "காலண்டர் அக்காவுக்கு ரொம்பத்தான் நேர்மை, நம்ம தூக்கத்தைக் கெடுத்துட்டா" என்றான். சட்டையைப் பிடித்துவிட்டேன். ரெண்டு பேர் வந்து விலக்க வேண்டியதாயிற்று. நான் அவளோடு பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது, அது வேறு விஷயம். நான் திட்டலாம். இவன் யார் திட்ட?

வேலையை விட்டுவிடுகிறேன் என்று மாமாவிடம் நானே சொல்லிப் பார்த்தேன். ஒருவர் சம்பளத்தில் சமாளிக்க முடியாது என்று தெரிந்தும் சொன்னேன். சவர நுரையோடு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்க வீட்டுல உக்காந்தா நாள் முழுக்க உங்க மூஞ்சியை நான் பாக்கணும். அரை நாளே தாங்கல."

இவள் போய் எல்லாவற்றையும் சொன்னபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் குரல் கேட்டது. "உன் அண்ணன் வீட்டுல லிஃப்ட் இருக்குல்ல? இங்க வந்ததுலேருந்து படியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். கீழ எறக்கி ஒரு சுத்து சுத்திக் காட்டச் சொல்லணும்" என்றார். அன்றிலிருந்து ஒரே உற்சாகம். அந்த ஊரில் எத்தனை தியேட்டர் இருக்கிறது என்று டீச்சரம்மாவிடம் கேட்டார். வெள்ளைச் சோபாவில் டீயைக் கொட்டி மகனை அலற வைக்கப்போவதாகச் சொல்லிச் சிரித்தார். பெட்டியை அடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினார். நாங்கள் ரெண்டு பேரும் அவர் நடிப்பை நம்பின மாதிரி நடித்தோம். மகா கேவலமாக நடித்தோம்.

பழைய வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மச்சான் காரோடு வந்தார். பெட்டிகள் ஏறின. டீச்சரம்மா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். ரெண்டு பேர் துணையோடு படியில் இறக்கிய சக்கர நாற்காலியைக் காரின் கதவோரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். வழக்கம்போல முன்னால் வந்து, குனிந்து, தூக்குவதற்குக் கையை நீட்டினேன்.

"நீங்க விடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமா. "அவன் தூக்கட்டும்."

"மாமா, இந்த ஒரு தடவை..."

"இனிமே அவன்தானே தூக்கணும். பழகட்டும்."

என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் நகர்ந்துகொண்டேன். நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மச்சான் குனிந்தார். ஆசையாகத்தான் குனிந்தார். அப்பாவின் வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கப் பார்த்தார். விழுந்த கையை இழுத்தால் தோள் கழன்றுவிடும் போல வலிக்கும். மாமாவின் முகம் சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். என்னிடம் தண்ணீர் கொஞ்சம் சூடாக இருந்தாலும் ஊரைக் கூட்டுகிற மனுஷன், சத்தம் போடவில்லை.

இவள்தான் ஓடினாள். "அண்ணா, கையை விடு. கையைப் பிடிக்காதே. இடுப்புல பிடி. உன் முட்டியை அப்பா முட்டிக்கு அண்டக் குடு. இப்படி. அவரு 'ம்'னு சொன்னப்புறம் தூக்கு. முன்னாடி தூக்காதே." அண்ணனின் கைகளைப் பிடித்து ஒவ்வொன்றாக இடத்தில் வைத்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "அவசரமே இல்ல. அவரு சொல்லட்டும்."

மாமா 'ம்' சொல்வதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சொன்னார். மச்சான் தூக்கினார். பின்சீட்டில் உட்கார்ந்ததும் மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப சரியா இருக்காப்பா?" என்று இவள் கேட்டாள்.

"சரியா இருக்கும்மா" என்றார்.

எதையும் வாயால் கேட்டால்தான் நம்புகிறவள், கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.